எங்கள் வீட்டு எர்த்திங் டிடியா (வீட்டு எர்த் குழி மட்டும்), டிஎன்-சி-எஸ்ஸா (எர்த் நியூட்ரலோடு இணைந்தது)?

செங்கோட்டை பக்கம் புளியரையில் எங்கள் வீடு. பங்குனியிலிருந்து ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டாலே சுர்ரென்று இழுக்கிறது. போன வருஷமும் வெயிலில் இப்படித்தான். சாரல் விழுந்ததும் அடங்கியது. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது.

கம்பத்திலிருந்து சிங்கிள் ஃபேஸ், இரண்டு வயர்தான். பின்கட்டில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி. அதிலிருந்து ஜிஐ கம்பி போர்டுக்கு வருகிறது. பைப்பில் நட்டும் வாஷரும் துருவேறி ஒன்றாகக் கிடந்தன. அவற்றை மாற்றி, குழியில் தண்ணீர் ஊற்றினோம். ஈரம் காயும் வரை சரி, அப்புறம் பழையபடிதான்.

மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல் 231 வோல்ட், ஃபேஸ்–எர்த் 168, நியூட்ரல்–எர்த் 63. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினால் நியூட்ரல்–எர்த் 2 வோல்ட்டுக்கு இறங்குகிறது. எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டினோம். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினாலே விழுகிறது. ஃபிரிட்ஜைப் பழுது பார்க்கக் கொடுத்தாயிற்று.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி, மீட்டர் பக்கமே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்திருக்கிறது என்கிறார். அப்படியென்றால் 63 வோல்ட் எப்படி வரும்? எனக்கு இது டிடி என்றே படுகிறது. குழியின் தடை 20 ஓம் என்றால்கூட, ஃபேஸ் ஃபிரிட்ஜ் உடம்பில் பட்டால் 11.5 ஆம்பியர்தான் ஓடும், அளவு மீறினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி விழாது. ஆர்சிசிபி இல்லாமல் முடியாது. இணைப்பு உண்மையிலேயே இருந்தால், வெளியே நியூட்ரல் அறுந்தால் எல்லா இரும்பிலும் கரண்ட் ஏறும். அதனால்தான் தெரிந்தாக வேண்டும்.

மீட்டர் சீலைத் தொடாமல், நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்கிறதா என்று உறுதியாகச் சோதிப்பது எப்படி?