செயின் அறுந்து கிராங்க் கேஸில் விரிசல்: வெல்டிங் தாங்குமா?

பைக் 1974 மாடல், 250 சிசி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன; இட, வலப் பாதிகளைச் சேர்த்த அந்த அலுமினியக் கூடுதான் கிராங்க் கேஸ். மூன்று வாரங்களுக்கு முன், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது செயின் அறுந்தது. காரணம் நானேதான். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனைதான் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். நான் திருப்பி மாட்டியிருந்தேன்.

அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) சுருண்டு, இடப்பக்கக் கேஸை நெம்பிவிட்டது. 4 செ.மீ. விரிசல். ஒரு முனையில் தலைமுடி அளவுதான். பேரிங் அமரும் குழியை நெருங்கும் இடத்தில் நகம் நுழைகிறது.

எஞ்சின் ஒரே உதையில் கிளம்புகிறது, கியர்களும் விழுகின்றன. ஆனால் ஸ்ப்ராக்கெட் தண்டைக் கையால் பிடித்தாலே மேலும் கீழும் ஆடுகிறது. ஓட்டினால் அங்கிருந்து ஓர் உறுமல். சூடேறியதும் ஆயில் சொட்டுகிறது, ஆறினால் நின்றுவிடுகிறது.

பெட்ரோலில் கழுவி, விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் மெல்லிய முனையில் 2 மி.மீ. துளையிட்டு, எபாக்சி பூசினேன். இரண்டே நாளில் பெயர்ந்து வந்தது. ஐம்பது வருட ஆயில் ஊறிய அலுமினியத்தில் வேறென்ன ஒட்டும்! ஆயில் சீலையும் மாற்றியாயிற்று, பயனில்லை. பழைய கேஸ் ஒரு பாதி கிடைக்கிறது. ஆனால் இரு பாதிகளையும் சேர்த்துக் கடைந்திருப்பதால், வேறொன்றின் பாதி நேராகப் பொருந்துமா என்ற தயக்கம்.

எஞ்சினை முழுவதும் பிரித்து, இரு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கி ஆர்கான் வெல்டிங் செய்தால், பேரிங் குழி கோணாமல் நிற்குமா?