மெடிக்கல் கடிதம் வந்துவிட்டது, நான் ஆறு மாதக் கர்ப்பம்: கனடா ஸ்பான்சர் ஃபைலில் இப்போது என்ன செய்வது?

ஆறாம்மாதம்:
வணக்கம். கணவர் கனடாவில் பிஆர் (நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்), டொராண்டோவில் வேலை. என்னையும் அங்கே அழைத்துக்கொள்ள அவர் ஸ்பான்சர் போட்டபோது நான் கர்ப்பமாக இல்லை. இப்போது 25 வாரம், திருச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். போன வாரம் மெடிக்கல் எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. 30 நாளில் முடிக்க வேண்டுமாம். அதில் மார்பு எக்ஸ்ரேவும் உண்டு, அதை இந்த நிலையில் எடுக்கலாமா? கர்ப்பம் என்று ஐஆர்சிசிக்கு (கனடா குடிவரவுத் துறை) இப்போதே சொல்ல வேண்டுமா, பிறந்தபின் சொன்னால் போதுமா? மாமியாரோ விசிட்டர் விசா போட்டு அங்கேயே போய்ப் பெற்றுக்கொள் என்கிறார். ஆளுக்கொன்று சொல்வதில் தலை சுற்றுகிறது.

பனிச்சாலை:
எதுவும் சொல்லாதீங்க. சொன்னால் ஃபைலை ஓரமாக வைத்துவிடுவார்கள். முதலில் நீங்கள் போய் இறங்குங்கள், குழந்தைக்கு அப்புறம் தனியாக ஸ்பான்சர் போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தார்.

நிலாவின் அம்மா:
தங்கச்சி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதே. கனடா குடிவரவு விதிகளில் 117(9)(டி) என்று ஒன்று இருக்கிறது. குழந்தையை ஃபைலில் காட்டாமல், அதற்கு மெடிக்கலும் எடுக்காமல் நீ பிஆர் ஆகிவிட்டால், பிறகு அந்தக் குழந்தையை உன்னால் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்யவே முடியாது. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காக 2019 செப்டம்பரில் ஒரு தற்காலிகச் சலுகை கொண்டுவந்தார்கள். உன் நண்பர் அதில் தப்பியிருக்கலாம், பனிச்சாலை. ஆனால் அது சலுகைதான், உரிமை இல்லை. தவிர, தெரிந்தே மறைத்தது என்று முடிவு செய்தால் ஐந்து வருடம் உள்ளே விடமாட்டார்கள்.

எக்ஸ்ரே உன் விருப்பம். பேனல் டாக்டரிடம் (மெடிக்கல் எடுக்க ஐஆர்சிசி அங்கீகரித்த டாக்டர்) கர்ப்பம் என்று முதலிலேயே சொல். வயிற்றுக்குக் காப்புப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், அல்லது பிரசவம் ஆகும்வரை தள்ளி வைக்கலாம். நான் தள்ளி வைத்தேன். மீதிப் பரிசோதனையை அன்றே முடித்து, எக்ஸ்ரே மட்டும் பாக்கி என்று எழுதிக்கொண்டார்கள். ஃபைல் அதுவரை நகராது, உண்மைதான். மூன்று மாதம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதே ஐஆர்சிசி இணையதளத்தில் உள்ள வெப் ஃபார்மில் அப்ளிகேஷன் நம்பர் போட்டு, கர்ப்பம், பிரசவத் தேதி இது, பிறந்ததும் குழந்தையைச் சேர்க்க விரும்புகிறோம் என்று நாலு வரி எழுது. டாக்டர் சான்றிதழையும் இணை. பிறந்தபின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், திருத்திய படிவங்கள், குழந்தைக்கான கட்டணம் எல்லாம் அனுப்ப வேண்டும். விரல்ரேகை 14 வயதுக்குக் கீழே கிடையாது. ஒருவேளை அதற்குள் உனக்கு விசாவே வந்துவிட்டாலும், குழந்தை பிறந்ததைச் சொல்லாமல் விமானம் ஏறாதே.

பழைய ஃபைல்:
மாமியார் சொன்னதற்கு: ஸ்பான்சர் ஓடும்போதே விசிட்டர் விசா கேட்பது தப்பில்லை, குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவே அதை அனுமதிக்கிறது. தருவது அதிகாரி கையில். ஆனால் 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்கும் விமான நிறுவனங்கள் உண்டு, 36-க்கு மேல் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். விசிட்டருக்கு மாகாண அரசின் மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடையாது, சிசேரியன் ஆனால் பில் முழுவதும் உங்கள் தலையில். அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை உண்டு, அதனால் அம்மாவுக்கு எதுவும் கிடைத்துவிடாது.

ஒரு கேள்வி. கணவர் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாரா?

ஆறாம்மாதம்:
ஆமாம் அண்ணா! தேர்வு முடிந்துவிட்டது, சத்தியப் பிரமாணத்துக்குக் காத்திருக்கிறார். இதற்கும் குழந்தைக்கும் என்ன?

பழைய ஃபைல்:
அதில்தான் எல்லாமே இருக்கிறது. குழந்தை பிறப்பதற்கு முன் அவர் பிரமாணம் எடுத்துவிட்டால், திருச்சியில் பிறந்தாலும் குழந்தை பிறவியிலேயே கனடியப் பிரஜை. பிரஜைக்கு பிஆர் விசா எதற்கு? உங்கள் ஃபைலில் சேர்க்க வேண்டாம், 75 டாலர் கட்டி குடியுரிமைச் சான்றிதழ் கேட்க வேண்டும். பிறந்த மறுநாள் பிரமாணம் எடுத்தால் கதை வேறு, உங்கள் ஃபைலில் சேர்த்தே ஆக வேண்டும். இரண்டு தேதிகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம்மாதம்:
நன்றி சொல்ல வந்தேன். மகள் பிறந்து 40 நாள் ஆகிறது. அப்பாவின் பிரமாணம் அவள் பிறந்து பதினோராம் நாள்! வீட்டில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதனால் அவள் என் ஃபைலில்தான், வெப் ஃபார்மில் அனுப்பிவிட்டோம்.

இன்னொரு தொல்லை. ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுப் படிவத்தைத் தம்பி நிரப்பினான். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, இவன் என் பெயருக்கு வெறும் "எஸ்" என்று இனிஷியல் போட்டுவிட்டான். சான்றிதழும் அப்படியே வந்தது. மாநகராட்சி அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்து திருத்தி வாங்கினேன். உங்களில் யாராவது பிரசவத்துக்குப் போனால் பாஸ்போர்ட் நகலைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவளுக்கு பாஸ்போர்ட். நாலு வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை நாமே கொண்டுபோக வேண்டுமாம். கண் திறந்திருக்க வேண்டும். இவள் கண் திறப்பது இராத்திரி இரண்டு மணிக்கு.

நிலாவின் அம்மா:
ஸ்டூடியோ வேண்டாம். ஜன்னல் பக்கம் தரையில் வெள்ளை வேட்டியை மடிப்பில்லாமல் விரித்து, பால் குடித்த பத்தாவது நிமிடம் படுக்க வை. நீ மேலே நின்று எடு, உன் நிழல் மட்டும் விழக்கூடாது. நிலாவுக்கு முப்பத்தேழாவது படம்தான் தேறியது.