ஆக்ஸோ டவரில் மதியச் சாப்பாடு: ஒரு மணி வெயில் கண்ணில் அடிக்குமா?

தென்கரையான்:
"லண்டன் ஆக்ஸோ டவரில் மதியம் சாப்பிடாதீர்கள். ஜன்னலோர மேசையில் ஒரு மணி வெயில் கண்ணைக் குத்தும், எதிர்க்கரை செயின்ட் பால்ஸ் தேவாலயம் தெரியாது. மாலை ஏழுக்குப் போங்கள்" என்று 'மேல்மாடி' என்பவர் எழுதியதை நாலு பேர் அப்படியே பகிர்ந்திருக்கிறார்கள். எழுதுவதற்கு முன் வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். கட்டடம் இருப்பது தேம்ஸின் தென்கரை. எட்டாவது மாடி உணவகத்தின் ஆற்றுப்பக்கக் கண்ணாடி வடக்குப் பார்த்தது. கோடையில் ஒரு மணிக்கு அங்கே சூரியன் நேர் தெற்கே, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தவரின் முதுகுக்குப் பின்னால். கண்ணில் எப்படி அடிக்கும்?

மேல்மாடி:
நான் சொன்னது மொத்த அனுபவத்தை. வெயிலை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். எதிர்க்கரை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். தெற்கு வெயில் அவற்றில் பட்டுத் திரும்பி முகத்துக்குத்தான் வரும். 2013இல் லண்டனின் 'வாக்கி டாக்கி' என்கிற கண்ணாடி வானளாவிக் கட்டடம் ஒரு காரின் பாகங்களையே உருக்கியதே, மறந்துபோச்சா?

தென்கரையான்:
வாக்கி டாக்கியின் தெற்கு முகம் உட்குழிந்தது, அதனால் வெயிலைக் குவித்தது. குவிந்த இடம் காலடியில் இருக்கும் ஈஸ்ட்சீப் தெரு. அடுத்த ஆண்டே வெயில் தடுப்புப் பட்டைகள் போட்டாகிவிட்டது. ஆக்ஸோவுக்கும் அதற்கும் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். தட்டையான கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பளபளப்பு ஓரிடத்தில் நிற்காது. சூரியன் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் அது விலகிவிடும்.

ஜூனில் ஆறு மணிக்குள் சூரியன் நேர் மேற்கைத் தாண்டி வடமேற்குப் பக்கம் போய்விடுகிறது, ஒன்பதுக்கு மேல்தான் மறையும். வடக்குக் கண்ணாடிக்குள் வெயில் சாய்ந்து நுழைவது அப்போதுதான். ஏழு மணிக்குப் போகச் சொன்னது யார்? டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும். ஏழுக்குப் போனால் கண்ணாடியில் பாதி, உள்ளே எரியும் விளக்கும் பக்கத்து மேசையும்தான்.

குரொய்டன் அண்ணை:
எல்லாரும் வெயிலைப் பற்றிக் கதைக்கிறியள், பில்லைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. லண்டன்ல இப்பிடியான இடங்களில 12.5 வீதம் சேவைக் கட்டணம் தானாச் சேர்ந்து வாறது வழக்கம். சனம் அதைப் பார்க்காமல் மேல வெயிற்றருக்கு ரிப்ஸ் காசும் வைச்சுப்போட்டு வருது. விருப்பப்படி எண்டு பில்லில போட்டிருந்தா அந்தக் கட்டணத்தை எடுக்கச் சொல்லலாம்.

பில்பார்:
எடுக்கச் சொல்வது யாருடைய காசை? 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுக்க ஊழியருக்கே போக வேண்டும் என்பது சட்டம்.

குரொய்டன் அண்ணை:
சட்டம் எனக்குத் தெரியும். ரெண்டு தரம் ஏன் குடுக்கோணும் எண்டுதான் கேட்டனான். வாசிச்சுப்போட்டுப் பதில் எழுதுங்கோ.

சமையற்கட்டு:
ஜன்னலோரத்தில் உண்மையில் கெடுவது சாப்பாடு. லாம்ப் ரம்ப், அதாவது ஆட்டின் பின்பக்கக் கறித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்புப் பக்கத்தைக் குளிர்ந்த சட்டியில் வைத்து, அடுப்பைப் பற்றவைத்து, கொழுப்பு உருகிச் சிவந்ததும் ஓவனில் கறியின் நடுப்பகுதிச் சூட்டை 55 டிகிரி வரை ஏற்றி, 10 நிமிடம் ஆறவிடுவார்கள். மேலே ஊற்றும் 'ஜூ' என்கிற சாறு, எலும்பை வேகவைத்துச் சுண்டக் காய்ச்சியது. அதில் ஜெலட்டின் அதிகம். தட்டு வந்த பிறகு செயின்ட் பால்ஸைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தால் ஜூ ஆடை கட்டும், கொழுப்பு வெள்ளையாக உறையும். பிறகு பிரிட்டிஷ் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று புலம்பல். முதலில் குளிர்ந்த அயிட்டமாகச் சொல்லுங்கள், பீட்ரூட்டும் ஆட்டுப்பால் சீஸும் மாதிரி. படமெல்லாம் அதோடு முடியட்டும்.

மேல்மாடி:
55 டிகிரி என்றால் உள்ளே ரத்தம். அதற்கு இவ்வளவு பெருமை.

சமையற்கட்டு:
அது ரத்தம் இல்லை, மயோகுளோபின் என்கிற தசைப் புரதம் கலந்த நீர். முழுத் துண்டில் கிருமி இருப்பது மேற்பரப்பில், சட்டிச் சூட்டிலேயே செத்துவிடும். அரைத்த கறிதான் உள்ளே 70 டிகிரியில் 2 நிமிடம் நிற்க வேண்டும். ருபார்ப் செடியின் இலையைக் கீரை மாதிரி வதக்கலாம் என்று பழைய திரியில் எழுதி, ஆக்சாலிக் அமிலம், விஷம் என்று சொன்னதும் காணாமல்போனவர் நீங்கள்தானே?

மேல்மாடி:
பழசைக் கிளறுவதே உங்களுக்கு வேலை. ருபார்புக்கும் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம்?

தென்கரையான்:
அதையேதான் நானும் சொல்கிறேன், திசைக்கு வாருங்கள். ஆக்ஸோவிலிருந்து செயின்ட் பால்ஸ் வடகிழக்கே, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணிக்கு அதன் தெற்குப் பக்கம் வெளிச்சத்தில் இருக்கும், மூன்று மணிக்கு மேற்கு முகப்பும் சேர்ந்துகொள்ளும். ஒன்றரைக்கு மேசை பிடித்தால் இனிப்பு வரும் நேரத்தில் இரண்டும் கிடைக்கும். புக் செய்யும்போதே ஜன்னலோரம் என்று குறிப்பில் எழுதுங்கள். அது வேண்டுகோள்தான், கிடைத்தே தீரும் என்று நினைக்காதீர்கள்.

மேல்மாடி:
லண்டனில் வெயில் ஏது? பாதி நாள் மேகம். அதனால்தான் ஏழு மணி என்றேன்.

தென்கரையான்:
மேகம் என்றால் ஒரு மணி வெயில் கண்ணைக் குத்தும் என்று எழுதியது எதற்கு? முதல் பதிவைத் திருத்துங்கள். பகிர்ந்த நாலு பேருக்கும் சொல்லுங்கள்.

மேல்மாடி:
திருத்த மாட்டேன். ஏழு மணிதான்.

குரொய்டன் அண்ணை:
அதே எட்டாம் மாடியில சனத்துக்கு இலவசப் பார்வை மாடமும் இருக்கு, அதையும் ஒருத்தரும் சொல்லேல்லை. 12.5 வீதத்துக்கு மேல ரிப்ஸ் வைக்கோணுமா? பில்பார், பதில் எங்க?

தென்கரையான்:
அண்ணா, அந்த மாடமும் வடக்குப் பார்த்ததுதான்.