வெள்ளைக் கதிரையும் பச்சைக் கயிறும்

உப்புவெளியில் இருந்து:

போன கச்சான் காற்றுக் காலத்தில் எங்கட முற்றத்தில் நடந்ததை எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் வாசியுங்கோ.

வெளியில் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் கதிரையில் அப்பா பின்னேரத் தேத்தண்ணியோடு இருந்தார். சாய்ந்ததுதான் தாமதம், பின்கால் முறிந்து ஆள் மல்லாக்க விழுந்தார். மணிக்கட்டு உடைந்து ஆறு கிழமை கட்டு. கதிரை ஏழு வருஷப் பழசு, ஆனால் மஞ்சளாகவே இல்லை. மஞ்சளித்தால்தான் பழுது என்று நம்பி அதை வெயிலில் விட்டது நான்தான்.

முறிந்த காலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கத்தைத் தேய்த்தால் விரலில் சுண்ணாம்பு மாதிரிப் பொடி ஒட்டியது. வற்றின குளத்துச் சேறு போல மேலெல்லாம் மயிரிழை வெடிப்பு. கதிரையைப் புரட்டினேன். அடிப்பக்கம் வாங்கின அன்றைக்கு இருந்த வழுவழுப்போடு அப்படியே இருக்கிறது!

நான் உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன். இந்தக் கதிரைகள் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். அதன் நீண்ட சங்கிலியில் ஒன்றுவிட்ட ஒவ்வொரு காபனிலும் இலகுவில் கழரக்கூடிய ஐதரசன் ஒன்று இருக்கும். வெயிலில் வருகிற 290 முதல் 400 நானோமீற்றர் வரையான புறஊதாக் கதிர், பிளாஸ்டிக்குக்குள் கிடக்கும் மாசுகளில் பட்டு வேலையைத் தொடக்கிவிடும். பிறகு காற்றின் ஒட்சிசன் சேர்ந்து சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கும். அறுந்த துண்டுகள் நெருங்கி அடுக்குவதால் மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும். பாரம் ஏறினால் அந்த வெடிப்பு உள்ளே ஓடும்.

மஞ்சள் நிறம் வேறு கதை. அது குழாய் செய்கிற பிவிசி மாதிரிப் பிளாஸ்டிக்கில் வரும். பிவிசியில் இருந்து ஐதரசன் குளோரைட்டு கழர, சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகும். அவை நீல ஒளியை உறிஞ்சுவதால் எங்கட கண்ணுக்கு மஞ்சள் தெரியும். சில பிளாஸ்டிக் மஞ்சளித்துப் பிறகு முறியும். சிலது வெள்ளையாகவே இருந்து முறியும். நிறத்தை நம்பாதேங்கோ.

திருக்கடலூரில் இருந்து:

தம்பி சொல்லுறது முழு உண்மை. எனக்கு நடந்தது நங்கூரக் கயிறில. பச்சைக் கயிறு, கோடை முழுக்க போட்டின்ர முன்பக்கம், அணியத்தில சுருட்டிக் கிடந்தது. மார்கழியில வாடை இறுக்கின இரவு கயிறு அறுந்து போட் கரையில ஏறிப்போச்சு. விடியப் பாத்தால் தண்ணிக்குள்ள கிடந்த பக்கம் நல்லாய் இருக்கு, வெயில்ல கிடந்த துண்டுதான் அறுந்திருக்கு.

கயிறைப் பிடிக்கேக்க உள்ளங்கையில முள்ளுக் குத்துற மாதிரி இருந்தால் அது முடிஞ்சுது எண்டு இப்ப எனக்குத் தெரியும். முறுக்கைப் பிரிச்சு உள் இழையைப் பாருங்கோ. வெளி இழை வெளிறி மயிர் விட்டு, உள் இழை பச்சையாய் மினுங்கினால் வெயில் மேலால திண்டுகொண்டு வருது. எங்கட ஐயா தங்கூசி எண்ட நைலோன் வலையைக் காயப்போட்டால் நேரத்தோட எடுத்து ஓலையால மூடுவார். சின்னனில எனக்கு அது விளங்கேல்ல.

பாலையூற்றில் இருந்து:

சேர், மேல்மாடித் தண்ணித் தாங்கிக்குப் போற கறுப்புக் குழாய் பத்து வருஷமாய் அப்படியே இருக்கு. பக்கத்தில வெள்ளை பிவிசி தட்டினால் உடையுது. ஏன்?

உப்புவெளியில் இருந்து:

அது வெறும் நிறமில்லை தங்கச்சி. கறுப்புப் பொலித்தீன் குழாயில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை வீதம் கரித்தூள் கலக்கிறார்கள். அது புறஊதாவை மேலேயே உறிஞ்சிவிடும், உள்ளே போக விடாது. வெள்ளை பிவிசியில் போடும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்கிற வெள்ளைப் பொடியும் அதைத்தான் செய்கிறது, ஆனால் எங்கட வெயிலுக்கு அது மட்டும் காணாது. வெளியில் ஓடும் பிவிசிக்குத் தண்ணீரில் கரைக்கிற வெளிச்சுவர் பெயின்ற் இரண்டு தரம் பூசுங்கோ. வெடித்ததற்குப் பூசிப் பயனில்லை, மாற்றுங்கோ.

அண்ணை சொன்ன ஓலை எவ்வளவு பெரிய விஷயம்! பிளாஸ்டிக்குக்கு நிழலை விட மலிவான காவல் இல்லை. கதிரையில் உதிர்ந்த அந்தப் பொடியும் என்னை உறுத்துகிறது. மாரி மழையில் அது வாய்க்காலால் ஓடி எங்கட கடலுக்குத்தான் போகும்.

மற்ற மூன்று கதிரைகளையும் நேற்றுக் காலை அழுத்திப் பார்த்தேன். முற்றத்தில் நின்ற இரண்டும் கையிலேயே முறிந்தன. மாமரத்தடியில் நின்றது வளைந்து நிமிர்ந்தது.