குளத்து நத்தையின் நரம்புகள்: மனதை விட்டுப் போகாத ஒரு கணம்

குளத்தடி:
லிம்னேயா என்ற குளத்து நத்தைக்கு மூச்சைப் பழக்கும் பயிற்சிதான். ஆக்ஸிஜன் குறைய நைட்ரஜன் விட்ட தண்ணீர், நத்தை மேலே வந்து மூச்சுத்துளையைத் திறக்கும்போதெல்லாம் குச்சியால் லேசாக ஒரு தொடல். மறுநாள் ஒரு நத்தை மேலே வந்தது. துளையின் ஓரம் மட்டும் விரிந்தது, கடுகு நுழையும் அளவுகூட இல்லை. அப்படியே நின்றது. பிறகு மெல்ல மூடிக்கொண்டு இறங்கிவிட்டது. நான் குச்சியை எடுக்கவே இல்லை! ஏறக்குறைய 20,000 நியூரான்களுக்குள் (நரம்புச் செல்களுக்குள்) நேற்றைய தொடல் எங்கோ இருக்கிறது.

கண்ணாடி ஊசி:
"எங்கோ" இல்லை, இடம் தெரியும். ஆர்-பெட்-டி-1 என்ற நியூரான். வலப்பக்கக் கால் நரம்புத்திரளில் இருக்கும் அந்தப் பெரிய டோபமைன் செல்தான் மூச்சு தாளத்தைத் தொடங்கி வைக்கிறது. 2002இல் அந்தச் செல்லின் உடலை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். நத்தை மூச்சு விட்டது, கற்றது, நீண்டகால நினைவு மட்டும் உருவாகவில்லை.

என் அனுபவம் வேறு. உணவுக்குழாயைச் சுற்றி ஆரஞ்சு நிற வளையம், அதுதான் நத்தையின் மூளை. அந்தச் செல்லில் ஊசி, அதன் மின்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கும். ஆக்ஸிஜன் குறைந்த நீரை வளையத்தின் மேல் விட்டேன், ஒன்றுமில்லை. மூச்சுத்துளைப் பக்கம் விட்டதும் ஒலிபெருக்கி படபடவென்று பொரிந்தது. மூச்சு முட்டுவதை உணர்வது மூளை இல்லை, ஓரத்துத் தோல்!

மெல்லுடலி:
அதே ஆய்வில், பயிற்சி முடிந்தபின் செல்லுடலை நீக்கினாலும் நினைவு அழியவில்லையே. உருவாக்க அது வேண்டும், அவ்வளவுதான். இடம் தெரியும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

முட்டைக்கூடு:
நான் பார்த்தது ஹெலிசோமா என்ற இன்னொரு நத்தையின் கரு. கூட்டுக்குள் சுழன்றுகொண்டே இருந்தது. ஆக்ஸிஜனைக் குறைத்ததும் வேகம் கூடியது. இரண்டே இரண்டு செரட்டோனின் நியூரான்கள் கருவைச் சுழற்றும் நுண்மயிர்களான குற்றிழைகளை முடுக்கிவிடுகின்றன.

குளத்தடி, ஒன்று சொல்கிறேன். நிழல் விழுந்தாலும் லிம்னேயா துளையை மூடிக்கொள்ளும், தோலிலேயே ஒளி உணர்வு உண்டு. நீங்கள் குனிந்த நிழலாக இருக்கலாம். இன்னொரு நத்தையையும் பக்கத்தில் வையுங்கள். முதல் நத்தையைத் தொடும் அதே நொடியில் இதையும் தொடுங்கள், இதன் துளை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் சரி. மறுநாள் இரண்டையும் ஒப்பிடுங்கள். தொடாமல் விட்ட நத்தையோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. அப்புறம், இரண்டு நாளும் ஒரே நேரத்தில் பாருங்கள். தண்ணீரில் விட்டதும் தொடங்காதீர்கள், 10 நிமிடமாவது பழகட்டும்.

குளத்தடி:
விளக்கு தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் நிழல் எனக்குப் பின்னால்தான் விழுந்தது. இரண்டாவது நத்தையை நாளைக்கு வைக்கிறேன்.