தோல் புண்ணாகாமல் குளுக்கோஸ் சென்சரை ஒட்டி வைத்திருப்பது எப்படி?

வெள்ளவத்தை அப்பா எழுதியது:

முதலாம் வகை நீரிழிவுள்ள என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரத்தச் சீனியைத் தொடர்ந்து அளக்க, மேற்கையின் பின்புறத்தில் ஒட்டும் 14 நாள் சென்சரை அணிகிறாள். பாடசாலையில் வலைப்பந்து விளையாடுவதால் பெரும்பாலும் வியர்வையில் நனைந்துதான் வீடு திரும்புவாள். இரண்டாவது வாரம் தொடங்கும்போதே சென்சரின் ஓரம் மடிந்து, அதில் தூசியும் நூலும் அப்பிக்கொள்கின்றன. புத்தகப் பையின் வார் ஒருமுறை பட்டால் மீதியும் கழன்றுவிடுகிறது. லண்டனிலிருந்து மைத்துனர் அனுப்பிவைக்கும் சென்சர் என்பதால், ஒன்று வீணானால் அடுத்தது வந்து சேரும்வரை விரல் குத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாமசியில் கேட்டபோது துணிப் பிளாஸ்ரர் தந்தார்கள். அதைச் சுற்றிலும் ஒட்டியதில் சென்சர் நிலைத்தது. ஆனால் பிளாஸ்ரர் இருந்த இடமும் சென்சரின் அடிப்பகுதியும் கறுத்துத் தடித்து, சிறு கொப்புளங்களோடு கடுமையாக அரிக்கத் தொடங்கின. மற்றக் கைக்கு மாற்றியபோது அங்கும் அதேதான், முன்னதைவிட விரைவாகவே வந்தது. இது வியர்வையால் வரும் புண்ணா, ஒவ்வாமையா? இரண்டையும் ஒருசேரச் சமாளித்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, பசை கூடக் கூடச் சென்சர் நிற்கும், தோல் தாங்காது. ஆகையால் மேலே எதை ஒட்டலாம் என்று தேடுவதற்கு முன், அடியிலுள்ள தோலை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தேங்காய் எண்ணெயோ லோஷனோ பூசாத நாள் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிதாக இருந்தாலும் பசை தோலைப் பிடிக்காது. எனவே சென்சர் மாற்றும் நாளில் கைக்கு எதையும் பூசாமல், கிறீமும் வாசனையும் சேராத சவர்க்காரத்தால் கழுவித் துவட்டி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் துடைப்பானால் துடைத்து, தானாகக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குவதானால் போத்தலின் லேபலைப் படியுங்கள். பிரித்தானிய மருந்துநூல் முறைப்படி தயாரிக்கும் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெயும் மெதைல் சாலிசிலேற்றும் கலந்திருக்கும். சுத்தம் செய்ததாக நினைத்துக்கொண்டே தோலில் எண்ணெய் பூசியதாகிவிடும்.

காலையில் பாடசாலை வான் வருவதற்கு முன் அவசரமாக ஒட்டுவதைவிட, மாலைக் குளிப்பு முடிந்து, மின்விசிறியின் கீழ் வியர்வை அடங்கிய பிறகு ஒட்டுவது நல்லது. இந்தப் பசை அழுத்தத்தால் பிடிப்பது. மணித்தியாலங்கள் செல்லச் செல்லத்தான் இறுகும். ஓரங்களை விரலால் சுற்றி அழுத்திவிட்டு, இரவு முழுவதும் நனையாமல் விட்டால் மறுநாள் விளையாட்டை அது ஓரளவு தாங்கும். முதல் நாளில் சென்சரின் அளவுகள் சற்றுப் பிசகக்கூடும் என்பதால், அன்றிரவு ஒருமுறையேனும் விரல் குத்தி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வைத்தியசாலை விடுதியில் வேலை செய்த காலத்தில் நான் கண்ட தோல் காயங்களில் பெரும்பகுதி, பிளாஸ்ரர் ஒட்டியதால் அல்ல, அதைப் பிடுங்கியதால் வந்தவை. பசை தோலின் மேற்படையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும். காலம் முடிந்த சென்சரின் ஓரங்களில் தேங்காய் எண்ணெயை ஊறவிட்டு, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்தபடி, பிளாஸ்ரரை மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு தோலாகப் பின்புறம் மடித்து மெதுவாக உரியுங்கள். ஒட்டும் அன்று ஆகாத எண்ணெய் கழற்றும் அன்று உதவும். அடுத்த சென்சர் மறு கையில், பழைய தழும்பிலிருந்து தள்ளி, இன்சுலின் போடும் இடத்திலிருந்து குறைந்தது 2.5 சென்ரிமீற்றர் விலகியிருக்க வேண்டும்.

கோட்டை அலுவலகக்காரி எழுதியது:

நானும் முதலாம் வகைதான். கொழும்பின் ஈரப்பதத்தில், அதிலும் ஏப்ரல் மாதப் புழுக்கத்தில், பஸ்ஸில் நின்று பயணம் செய்து அலுவலகம் போகிறவள். என் அனுபவத்தில், நீர் புகாத ஒளிபுகும் பிளாஸ்ரர் பெயருக்கு ஏற்றபடி வெளியிலிருந்து நீரைத் தடுக்கிறது. ஆனால் நம் வியர்வை வெளியேற அது போதிய வழி விடுவதில்லை. அடியில் வியர்க்குரு வந்து, பிளாஸ்ரரும் வழுக்கிவிடும். கடலில் குளிக்கப் போகும் ஒரு நாளுக்கு அது சரி, வாரக்கணக்கில் சரியல்ல. ஹைப்பாஃபிக்ஸ், ஃபிக்ஸோமல் போன்ற, நெய்யாத மெல்லிய துணியாலான பிளாஸ்ரர்கள் காற்றையும் ஆவியையும் விடுகின்றன. மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் சட்டைக் கையில் மாட்டி உரியாது. சென்சரின் நடுவில் சிறு துளை இருந்தால் அதை மூடாமல், மோதிர வடிவில் வெட்டி ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரம் மடிந்தால் முழுவதையும் மாற்றாமல், மடிந்த துண்டை மட்டும் கத்தரித்துவிடுங்கள். உரித்து உரித்து ஒட்டுவதுதான் தோலைக் கெடுக்கிறது.

வலைப்பந்துக்கு நான் சொல்லக்கூடியது பசையே இல்லாத வழி: சென்சரின் மேல் தளர்வான மீள்துணிப் பட்டி ஒன்றை விளையாடும் நேரத்துக்கு மட்டும் அணிந்து, முடிந்ததும் கழற்றிவிடலாம். இறுக்கினால் சென்சர் இருக்கும் இடம் அழுந்தி, சீனி உண்மையில் குறையாமலே குறைந்ததாகக் காட்டும். அந்தக் கைப் பக்கமாகப் படுத்துறங்கினாலும் இதுவே நடக்கும்.

தோல் மருத்துவப் பயிற்சியில் இருப்பவர் எழுதியது:

மேலே சொன்னவை ஒட்டுவதற்கான நல்ல ஆலோசனைகள். ஆனால் மகளின் தோலைப் பற்றிய விவரம் எனக்குக் கவலை தருகிறது, அதை முதலில் தீர்க்க வேண்டும்.

வியர்வை, உராய்வு, அடைபட்ட ஈரம் ஆகியவற்றால் வரும் எரிச்சல் பொதுவாக ஒட்டிய எல்லைக்குள் நிற்கும். அரிப்பைவிடக் காந்தலே மிகுந்திருக்கும். கழற்றிய சில நாட்களில் தணியும். ஒவ்வாமை அப்படியன்று. ஒருமுறை உடல் ஒரு பொருளை எதிரியாகப் பதிவு செய்துகொண்டால், அதன் பின் ஒவ்வொரு தொடுகையிலும் முன்னதைவிட விரைவாகவும் கடுமையாகவும் வரும். அரிப்பும் கொப்புளமும் இருக்கும். ஒட்டிய எல்லையைத் தாண்டியும் பரவலாம். நீங்கள் சொன்ன கொப்புளமும், மறு கையில் விரைவாக வந்ததும் இரண்டாவதையே சுட்டுகின்றன. பாடநூல்களில் எழுதியிருப்பதுபோல் சிவந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். நம்முடைய மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும். அதனாலேயே பலர் ‘வெறும் தழும்பு’ என்று விட்டுவிடுகிறார்கள்.

சென்சர்களால் வரும் ஒவ்வாமைக்குக் காரணமான பொருள்களுள் அதிகம் பேசப்பட்டது ஐசோபோர்னைல் அக்ரிலேட். ஃபிரீஸ்டைல் லிப்ரே என்ற வகை சென்சரை அணிந்தவர்களின் தோலழற்சிக்கு இதுவே காரணம் என்று பெல்ஜியத் தோல் நிபுணர்கள் 2017ல் வெளியிட்டார்கள். 2020ல் அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் இதை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. இது தோலில் ஒட்டும் பசையில் சேர்க்கப்பட்டதன்று. பிளாஸ்ரிக் உறையின் பகுதிகளை இணைத்த பசையிலிருந்து மெல்லக் கசிந்து தோலை அடைந்தது. பின்னர் வந்த லிப்ரே 2 அப்பொருள் இல்லாமல் தயாரிக்கப்பட்டது. எனவே ஒரு வகை சென்சர் ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொரு வகை ஒத்துக்கொள்ளலாம். துணிப் பிளாஸ்ரரின் கதை வேறு. பழைய வகைத் துத்தநாக ஒட்சைட்டு பிளாஸ்ரர்கள் பலவற்றில் பைன் மரப் பிசின் உண்டு, அதுவும் பெயர்பெற்ற ஒவ்வாமைப் பொருள்தான். மகளுக்கு இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஒட்டுச் சோதனை. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணித்தியாலங்களில் கழற்றிப் பார்த்து, 96 மணித்தியாலங்களில் மீண்டும் பார்ப்பார்கள். அந்த வாரம் முதுகு நனையக் கூடாது, வலைப்பந்தும் கூடாது. வழக்கமான சோதனைத் தொகுதியில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் இல்லாமல் இருக்கலாம் என்பதால், சென்சரின் பெட்டியையும் பிளாஸ்ரரின் உறையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் மகளுக்கு ஏற்கனவே கிளினிக் இருக்குமானால், அங்கிருந்தே தோல் நிபுணரிடம் அனுப்பிவைக்குமாறு கேட்கலாம்.

வெள்ளவத்தை அப்பா எழுதியது:

மூவருக்கும் நன்றி. தோல் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கிறேன். சென்சருக்கு அடியில் காப்புப் படலம் பூசலாம், ஈரத்தை உறிஞ்சிக் கூழாகும் ஹைட்ரோகொலொயிட் பிளாஸ்ரர் வைக்கலாம், மூக்குக்கு அடிக்கும் ஸ்ரீரொய்ட் ஸ்பிறேயைத் தோலில் அடிக்கலாம் என்றெல்லாம் இணையத்தில் வாசித்தேன். இவற்றில் எதை நம்பலாம்?

தோல் மருத்துவப் பயிற்சியில் இருப்பவர் எழுதியது:

மூன்றும் உலகெங்கும் வழக்கத்தில் உள்ளவைதான், ஆனால் ஒன்றுபோல் எண்ண வேண்டாம். கேவிலோன் போன்ற, அல்ககோல் கலக்காத காப்புப் படலம் எரிச்சலுக்கும் உரிக்கும்போது வரும் காயத்துக்கும் நன்கு உதவும். ஊசி நுழையும் நடுவிடத்தை விட்டு வளையமாகப் பூசி, முற்றாகக் காய்ந்த பின் ஒட்ட வேண்டும். உறுதியான ஒவ்வாமையை அது நம்பத்தகுந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஹைட்ரோகொலொயிட் அதைவிட நல்ல தடுப்பு, ஆயினும் அதன் தடிப்பு, தோலுக்குள் நுழையும் சென்சர் இழையின் ஆழத்திலிருந்து கழிந்துபோகும். இழையின் நீளமே ஏறக்குறைய 5 மில்லிமீற்றர்தான். ஆகையால் மிக மெல்லிய வகையை மட்டுமே, அதுவும் மருத்துவரின் ஆலோசனையோடும், அளவுகளை விரல் குத்தி ஒப்பிட்டபடியும் பயன்படுத்தலாம். ஸ்பிறே, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே செய்யப்படுவது. வளரும் பிள்ளைக்கு வாரக்கணக்கில் அதே இடங்களில் ஸ்ரீரொய்ட் அடித்தால் தோல் மெலியும். நிபுணர் சொன்னாலன்றித் தொடங்காதீர்கள்.

பிடிமானத்துக்காகச் சிலர் பரிந்துரைக்கும் பென்சோயின் கரைசலையும் தவிர்த்துவிடுங்கள். அதுவும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய பிசின். இப்போதுள்ள புண்களில் சீழோ, சூடோடு கூடிய வீக்கமோ, காய்ச்சலோ கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே காட்ட வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், இரு கைகளும் முழுமையாக ஆறும்வரை அடுத்த சென்சரைப் போடாமல் விரல் குத்தியே பார்த்து வாருங்கள். மைத்துனர் அடுத்த பொதியை அனுப்புவதற்கு முன் சோதனை முடிவு கைக்கு வந்தால், எந்த வகை சென்சரை வாங்கச் சொல்வது என்பதையும் அதைக் கொண்டே தீர்மானிக்கலாம்.