தும்பை நாற்று சாய்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மொட்டைமாடித் தொட்டியில் தும்பை. 2 பங்கு செம்மண், 1 பங்கு மணல், கைப்பிடி மட்கிய தொழு உரம். காய்ந்த பூக்கொத்தைக் கசக்கி, உதிர்ந்த பழுப்பு விதையை மேலாகத் தூவிப் பூவாளியால் தெளித்தேன். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. நான்கு இலை வந்ததும் தண்டு, மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து நூலாக மெலிந்து சாய்கிறது. நாற்றழுகல்தான், நெருக்கமும் மாலை நீரும் காரணம். இப்போது காலையில் மட்டும் நீர், முழு வெயில், 4 அங்குல இடைவெளி.

மிஞ்சிய நாற்றுகளுக்கு டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சைத் தூள்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றலாமா? அல்லது மண்ணை வெயிலில் காயவைத்து மறுபடி விதைப்பதா? தும்பை பூத்தால் தேனீ தேடி வரும்; இழக்க மனமில்லை. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.